பினாங்கா சிங்கப்பூரா, எது முதலில்? டெல்டாவிலிருந்து இரு தீவுகளுக்கும் செல்வோருக்கான ஒப்பீடு

சிங்கப்பூரில் பிள்ளைகளும் மலேசியாவின் பினாங்கில் பழைய உறவும் உள்ள குடும்பங்கள் காவிரி டெல்டாவில் பல இருக்கின்றன. மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கச் சிங்கப்பூர் போகிற பெற்றோர், அப்படியே பினாங்கில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று நினைக்கும்போது, அந்த இரண்டு தீவுகளின் விமான நிலையங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: நேர்கோட்டில் ஏறத்தாழ 601 கிலோமீட்டர், கால அட்டவணைப்படி சுமார் ஒன்றரை மணி நேரம். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தால் பணமும் நேரமும் வீணாக வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து புறப்பட்டு ஊர் வந்து சேரும் முழுப் பயணத்தில் ஒரு பகுதியாக வைத்துத்தான் இந்தப் பறப்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டும் என்பதும், டெல்டாவிலிருந்து போகும் பெரும்பாலோருக்குப் பினாங்கை முதலிலும் சிங்கப்பூரைக் கடைசியிலும் வைப்பதே நல்லது என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன்.

சாங்கி விமான நிலையம் சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு முனையில், நிலநடுக்கோட்டுக்கு 1.36 பாகை வடக்கே இருக்கிறது. பினாங்கு விமான நிலையம் அத்தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாஸில், 5.3 பாகை வடக்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அட்சரேகையில் ஏறத்தாழ நான்கு பாகையும் தீர்க்கரேகையில் நான்கு பாகைக்குச் சற்றுக் குறைவும் வேறுபாடு உண்டு என்பதால், விமானம் வடமேற்காகச் சாய்ந்து 325 கடல் மைல் பறக்கிறது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால், சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகும் தூரம். இத்தனை சிறிய தூரத்துக்கு ஜெட் விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே வானில் இருக்கிறது. அட்டவணையில் 1 மணி 25 நிமிடம் முதல் 1 மணி 40 நிமிடம் வரை போட்டிருப்பதற்குக் காரணம், அந்த நேரம் சாங்கியில் விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து பினாங்கில் நிறுத்தத்தில் வந்து நிற்பது வரை கணக்கிடப்படுவதுதான். நெரிசலான சாங்கியில் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும், மேலேறித் திசை திரும்பும் நேரமும், பினாங்கின் ஒரே ஓடுபாதைக்கு வரிசையில் காத்து இறங்கும் நேரமும் அதற்குள் அடங்கும். குறுகிய பறப்பில் இந்தக் கூடுதல் நேரம் விகிதத்தில் பெரிதாகிவிடுகிறது. திருச்சியிலிருந்து போகும் நீண்ட பறப்பில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய வானில் பலத்த மேல்காற்று வீசுவதில்லை என்பதால், போகும்போதும் வரும்போதும் நேரம் பெரிதாக மாறாது. கடிகாரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. 1982 தொடக்கத்திலிருந்து இரு நாடுகளும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கின்றன. ஆனால் திருச்சி சிங்கப்பூர் டிக்கெட்டில் அவ்வாறு இல்லை. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், டிக்கெட்டில் இருக்கும் புறப்பாட்டையும் வருகையையும் நேரடியாகக் கழித்துப் பார்த்தால் போகும்போது ஆறரை மணி நேரப் பயணம் போலவும் வரும்போது ஒன்றரை மணி நேரப் பயணம் போலவும் தோன்றும். உண்மையில் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர் கொண்ட அந்தப் பறப்பு நான்கு மணி நேரத்தை ஒட்டியது.

இனி, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை என்ற கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒருவர் தங்கியிருக்கிறார், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி நகர ரயிலில் ஏறி, எக்ஸ்போவில் மாறிச் சாங்கி சேர ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஆகும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே இருப்பது நல்லது. பறப்பு ஒன்றரை மணி நேரம். பினாங்கில் குடிநுழைவுச் சோதனையும் பெட்டி எடுப்பதும் முக்கால் மணி நேரம் ஆகலாம். அங்கிருந்து ஜார்ஜ் டவுன் ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான் என்றாலும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் வேலை முடியும் மாலை நேரத்தில் அந்தச் சாலை நத்தைபோல் நகரும். 401இ எண் பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிட வேண்டும். ஆக, ஒன்றரை மணி நேரப் பறப்பு என்பது நடைமுறையில் ஆறு மணி நேரப் பயணம். ஒரு பகல் முழுவதும் இதற்கென்றே போய்விடும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இந்த ஆறு மணி நேரத்தோடுதான் பேருந்தை ஒப்பிட வேண்டும். இரண்டும் தீவுகளானாலும் கடலைக் கடக்கப் படகு தேவையில்லை. சிங்கப்பூரை மலேசியாவின் ஜொகூர் கரையோடு உட்லண்ட்ஸ் கடற்பாலமும், 1998இல் திறக்கப்பட்ட துவாஸ் இரண்டாம் இணைப்பும் இணைக்கின்றன. பினாங்கைப் பெருநிலத்தோடு 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலமும், 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமும் இணைக்கின்றன. நடுவே வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மலாய்த் தீபகற்பம் விமானம் பறக்கும் அதே திசையில் நீண்டு கிடப்பதால் சாலை பெரிதாகச் சுற்றுவதில்லை; 700 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இரவில் ஏறினால் ஒன்பது முதல் பதினொரு மணி நேரத்தில் சுங்கை நீபோங் பேருந்து நிலையத்தில் விடியும். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம். அகலமான இருக்கைகள் கொண்ட பேருந்துகள் அந்தத் தடத்தில் ஓடுகின்றன என்பதால், இளைஞர்களுக்கும் நண்பர்களாகச் சேர்ந்து போகிறவர்களுக்கும் இது நல்ல தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நம் ஊரிலிருந்து போகும் பெற்றோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லையில் இரண்டு முறை இறங்க வேண்டும்: சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது ஒரு முறை, மலேசியாவுக்குள் நுழையும்போது இன்னொரு முறை. மலேசியப் பக்கத்தில் பேருந்தின் வயிற்றிலிருந்து பெட்டிகளை எல்லாம் இறக்கி, இழுத்துக்கொண்டு போய், ஸ்கேனரில் வைத்து எடுத்து, மீண்டும் அதே பேருந்தைத் தேடிக் கண்டுபிடித்து ஏற்ற வேண்டும். வரிசை நீண்டுவிட்டால் எல்லாப் பேருந்துகளும் கடைசிப் பயணிவரை காத்திருப்பதில்லை. சில, அடுத்த வண்டியில் வாருங்கள் என்று போய்விடுகின்றன. முழங்கால் வலியோடு, பேச்சு புரியாத இடத்தில், நள்ளிரவில் ஒரு மூதாட்டி இதைச் செய்வதை எண்ணிப் பார்த்தால், மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகாது. வெள்ளி இரவிலும், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகளிலும் கடற்பாலத்தில் மட்டுமே சில மணி நேரம் கூடுதலாகப் போகும்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடப்பட்டபின், உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஐந்து நிமிட இணைப்பு ரயில் மட்டுமே ஓடுகிறது. அங்கிருந்து கோலாலம்பூர், கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பட்டர்வொர்த், பட்டர்வொர்த்தில் இறங்கி ஜார்ஜ் டவுனுக்குப் படகு என்று மாறி மாறிப் போக வேண்டும். ஒரு முழுப் பகலுக்கு மேல் ஆகும். வழியில் கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்குகிறவர்களுக்கு இது இனிய பயணம். இடையில் தங்காமல் போகிறவர்களுக்கு இதில் நன்மை இல்லை.

ஆகவே இரு தீவுகளுக்கு இடையே விமானம்தான் என்று முடிவாகிறது. அடுத்து, அந்த விமானத்தை எந்தத் திசையில், பயணத்தின் எந்தக் கட்டத்தில் ஏறுவது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக நம்மவர்கள் செய்வது இது: திருச்சி சிங்கப்பூர் போக வர ஒரு டிக்கெட், சிங்கப்பூர் பினாங்கு போக வர இன்னொரு டிக்கெட். திருச்சியில் நேரடி விமானம் இருப்பதால் மனம் இயல்பாக அங்கே போகிறது. 2024 ஜூனில் புதிய முனையம் செயல்படத் தொடங்கியபின் திருச்சியில் ஏறுவது முன்பைவிட எளிதாகவும் ஆகிவிட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒருவர் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும். அது பலமுறை நுழைவுக்கானதா, ஒருமுறை நுழைவுக்கானதா என்பதைப் பார்க்காமல் பினாங்கு டிக்கெட் எடுத்துவிட்டால், திரும்பி வரும்போது சாங்கியில் திருச்சி விமானத்தைப் பிடிப்பதே கேள்விக்குறியாகிவிடும். வருகை அட்டையையும் இரண்டாவது முறை இணையத்தில் நிரப்ப வேண்டும். மலேசியாவுக்கோ 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்ற சலுகை இருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மலேசிய மின்வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பினால் போதும். இரு நாட்டு அட்டைகளும் அரசின் தளத்தில் இலவசம்; அவற்றுக்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல.

பினாங்கை முதலில் வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. மலேசியாவுக்குள் ஒருமுறை, சிங்கப்பூருக்குள் ஒருமுறை என்று நுழைவு முடிந்துவிடும். பினாங்கு சாங்கி விமானத்தில் ஒரே ஒரு முறை ஏறி, மகள் வீட்டில் நிம்மதியாகத் தங்கி, அங்கிருந்து நேரே திருச்சிக்குத் திரும்பலாம். வேறொரு சிறு நன்மையும் உண்டு. விமான நிலையப் பயணிக் கட்டணம் புறப்படும் இடத்தில் வசூலிக்கப்படுவது. சாங்கியின் கட்டணம் மலேசிய நிலையங்களின் கட்டணத்தைவிடக் கூடுதல். இரு தீவுகளுக்கு இடையே பினாங்கிலிருந்து மட்டும் புறப்படுகிறவருக்கு அந்தச் செலவு குறைகிறது. கப்பல் காலத்தில் நம் முன்னோர் போன வரிசையும் இதுவே என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜுலா கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, முதலில் பினாங்கையும் பிறகு கிள்ளான் துறைமுகத்தையும் தொட்டுக் கடைசியாகச் சிங்கப்பூர் சேர்ந்தது. நாகூர் ஆண்டவர் பெயரில் இரு தீவுகளிலும் தர்கா எழுந்திருப்பது அந்தக் கடல்வழித் தொடர்பின் அடையாளம். வங்கக் கடலைத் தாண்டினால் பினாங்குதான் முன்னால் நிற்கிறது. சிங்கப்பூர் அதற்கப்பால் இருக்கிறது.

டெல்டாவிலிருந்து பினாங்குக்கு முதலில் போய்ச் சேர மூன்று வழிகள் உண்டு. திருச்சிக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,450 கிலோமீட்டர் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வழியும் எவ்வளவு சுற்றுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதல் வழி, சாங்கியில் இறங்கி மாறிப் போவது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி வருவதால் மொத்தம் 3,580 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. 1,100 கிலோமீட்டருக்கு மேல் சுற்று. இடைக்காத்திருப்போடு எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. ஸ்கூட் விமான நிறுவனம் திருச்சிக்கும் பறக்கிறது, பினாங்குக்கும் பறக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, பெட்டி பினாங்கு வரை போவதாக எழுதி வாங்கிக்கொண்டால், சாங்கியில் குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறிக்கொள்ளலாம். சிங்கப்பூர் விசாவின் நுழைவும் செலவாகாது. அதையே இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், பெட்டியை எடுக்க வெளியே வந்தாக வேண்டும். அப்போது மேலே சொன்ன இரட்டை நுழைவுச் சிக்கல் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது வழி, கோலாலம்பூரில் மாறுவது. திருச்சியிலிருந்து அங்கே ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர், அங்கிருந்து பினாங்குக்கு 325 கிலோமீட்டர், மொத்தம் 3,015. சாங்கி வழியைவிட 560 கிலோமீட்டர் குறைவு, இடைக்காத்திருப்பும் சேர்த்து ஏழு மணி நேரத்தில் முடிக்கலாம். கோலாலம்பூர் பினாங்கு விமானங்கள் நாள் முழுவதும் அடிக்கடி இருப்பதால், ஒன்று தவறினாலும் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. மலேசியாவுக்கு விசா தேவையில்லாததால், தனித்தனி டிக்கெட் எடுத்து வெளியே வந்து பெட்டியை மாற்றிப் போட நேர்ந்தாலும் அனுமதிச் சிக்கல் இல்லை. காத்திருக்கும் நேரம்தான் வேண்டும். தஞ்சாவூர், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவது வழி, சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கிய நேரடி விமானம். ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குள் முடியும் பறப்பு. எங்கும் மாற வேண்டியதில்லை. திருச்சியை விட்டுச் சென்னைக்குப் போக வேண்டுமே என்று தஞ்சாவூர்க்காரர்கள் தயங்குவது நியாயம்தான். ஆனால் மயிலாடுதுறை, சீர்காழி, கும்பகோணத்தின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ இரவில் ஏறி, விடிவதற்குள் தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் நிலையம் வந்தால், எதிரே விமான நிலையம். திருச்சிக்கு வாடகைக் கார் பிடித்து, வழியனுப்ப இன்னொரு வேன் வைத்துப் போகும் செலவோடு பார்த்தால், இதில் கையில் பணம் மிஞ்சும். விமானம் புறப்படும் நேரத்தையும் ரயில் தாம்பரம் சேரும் நேரத்தையும் மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். நள்ளிரவு தாண்டிய விமானமாக இருந்தால் பகல் ரயிலில் போவதே சரி.

பெட்டி எடைதான் பலரும் கடைசியில் கவனிப்பது. அதை முதலிலேயே கவனிக்க வேண்டும். திருச்சியிலிருந்து போகும் டிக்கெட்டில் 20, 25 கிலோ என்று எடுத்துவிட்டு, இரு தீவுகளுக்கு இடையிலான டிக்கெட்டைக் கைப்பெட்டி மட்டும் என்று மலிவாக எடுத்துவிடுகிறார்கள். ஸ்கூட்டில் கைப்பெட்டிக்கு 10 கிலோ, ஏர் ஏசியாவில் 7 கிலோ. இரு வீட்டுக்கும் கொண்டுபோகும் அப்பளக் கட்டும், கும்பகோணம் காபித்தூளும், முறுக்கு டின்னும் சேர்ந்தாலே அந்த எடை தாண்டிவிடும். அதுவும் நெய், ஊறுகாய், குழம்புப் பதத்தில் இருக்கும் எதுவும் 100 மில்லிக்கு மேல் கைப்பெட்டியில் போகாது. திருவையாறு அசோகா போன்ற குழைவான இனிப்பைச் சோதனையில் நிறுத்திவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். கவுன்டரில் கட்டும் எடைக்கட்டணம் இணையத்தில் முன்பே கட்டுவதைவிட மிக அதிகம். பினாங்கை முதலில் வைப்பவர்களுக்கு இதிலும் வசதி உண்டு: அந்த வீட்டுக்கான பொருள் பினாங்கிலேயே இறங்கிவிடுவதால், தீவுக்குத் தீவு போகும்போது பெட்டி பாதியாக இளைத்திருக்கும், 15 கிலோ கட்டினாலே போதும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒரு நெருக்கடி இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து கையில் பணமும் ஓய்வும் சேரும் தை, மாசி மாதங்களில்தான் நம்மவர்கள் கிளம்ப விரும்புகிறார்கள். அதே காலத்தில்தான் பினாங்கில் தண்ணீர்மலைத் தைப்பூசமும், இரு தீவுகளிலும் சீனப் புத்தாண்டும் வருகின்றன. தைப்பூசத்தைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அதற்கான விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். பினாங்கில் தங்குமிடத்தையும் முன்பே பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால், புத்தாண்டு விடுமுறை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிளம்புவது நல்லது. இருக்கையும் கிடைக்கும், கட்டணமும் இறங்கியிருக்கும். ஜூன், டிசம்பர் மாதங்களின் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகளைத் தவிர்க்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டாரிடம் சொல்ல முடியாது. அவர்கள் எவ்வளவு முன்னதாக டிக்கெட் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. எந்த மாதமானாலும், தீவுக்குத் தீவு பறப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அந்தப் பகுதியில் இடிமழை திரளும். ஒரே ஓடுபாதை கொண்ட பினாங்கில் அது வரிசையைத் தாமதப்படுத்தும். பினாங்கிலிருந்து வரும் அதே நாளில் சாங்கியில் திருச்சி விமானத்தைத் தனி டிக்கெட்டில் பிடிக்கும்படி ஒருபோதும் திட்டமிடக் கூடாது. இடையில் குறைந்தது ஓர் இரவு வேண்டும். பினாங்கு முதலில் என்ற வரிசையில் அந்த இரவு மகள் வீட்டில் இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

சிங்கப்பூரை முதலில் வைப்பதற்கும் நியாயமான சூழல்கள் இருக்கின்றன. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தால் நேரே அங்கே போய்விட வேண்டும். பினாங்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலமுறை நுழைவுக்கான விசா கையில் இருந்து, பினாங்கில் இரண்டே நாள்தான் தங்கப் போகிறார் என்றால், பெரிய பெட்டிகளைச் சிங்கப்பூர் வீட்டில் வைத்துவிட்டுக் கைப்பெட்டியோடு போய்வருவது எளிது. அல்லது சிங்கப்பூரை முதலில் வைத்து, பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரே திரும்புவதும் ஒற்றை நுழைவில் முடிகிற பயணம்தான். மயிலாடுதுறைப் பக்கத்தாருக்கு அது ஏறக்குறைய சமமான தேர்வு.

வயதானவர்கள் போகிறார்கள் என்றால், சக்கர நாற்காலி வேண்டும் என்று குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே விமான நிறுவனத்திடம் பதிந்துவிட வேண்டும். தனித்தனி டிக்கெட்டுகளாக இருந்தால் ஒவ்வொன்றிலும் தனியாகப் பதிய வேண்டும். திருச்சி டிக்கெட்டில் பதிந்தது பினாங்கு சாங்கி டிக்கெட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. சாங்கியில் நடக்க வேண்டிய தூரம் மிக நீண்டது என்பதால், ஊரில் நன்றாக நடக்கிறவர்களுக்கும்கூட இதைக் கேட்டு வாங்கிக்கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு.